ஜவ்வு வளருமா டாக்டர்?

2023 ஆடி மாதம். வகுப்பில் கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குந்தினேன், எழுந்திருக்க முடியவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அப்போது எனக்கு 53 வயது. அதுவரை முட்டி வலியை ஆசிக்ளோஃபினாக் மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தால் இன்னொரு மாத்திரை.

மேலூரிலிருந்து வந்த மதினி ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தார். முட்டி எலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோகும் ஜவ்வை, அதாவது குருத்தெலும்பை, ஆபரேஷன் இல்லாமல் வளர்க்கிறார்களாம். "எனக்கும் முட்டு போச்சு, மொதல்ல நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். சோதனை எலி நான்தான் என்று புரிந்தது. போனேன்.

அந்த இடத்தின் பெயர் வேண்டாம். கட்டிலில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரைப் பார்க்கும் முன்பே கவுன்சிலர் என்று ஒரு பெண் பேசினார். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அதிலிருந்து ஸ்டெம் செல், அதாவது வேறு திசுவாக வளரக்கூடிய மூல செல், எடுத்து முட்டியில் போடுவார்களாம், ஆறு மாதத்தில் ஜவ்வு வளர்ந்துவிடுமாம். இரண்டு காலுக்கும் 1,80,000 ரூபாய். இன்றே 20,000 கட்டினால் தள்ளுபடி உண்டு. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நினைவுக்கு வந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மருந்தியல் படிக்கும் அக்கா மகன்தான் அன்று காப்பாற்றினான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினான். ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரியான சிலவற்றைத்தான் அதில் சிகிச்சை என்று ஏற்றிருக்கிறார்கள். மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக நடக்க வேண்டும், அப்படி நடந்தால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. "ஆய்வுன்னா எதுக்குச் சித்தி ரெண்டு லட்சம்?" என்றான். முட்டித் தேய்மானத்துக்கென்றே ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு 2022இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்திருப்பதையும் அவனே சொன்னான். அது வேறொருவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பது. நம் கொழுப்பை அங்கேயே உறிஞ்சி அங்கேயே போடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் அண்ணாநகர் பக்கம் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். பழைய எக்ஸ்ரேயைப் பார்த்ததும் "நிற்கவைத்து எடுக்கவில்லையா?" என்றுதான் கேட்டார். படுத்திருக்கும்போது முட்டியில் பாரம் இறங்காது, எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதுபோலத் தெரியுமாம். நின்று எடுத்த படத்தில் கதை வேறாக இருந்தது. தேய்மானம் வலது முட்டியில் 2ஆம் நிலை, இடதில் 3. நான்கில் முடிகிற கணக்கு அது. காலையில் முட்டி எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது, விரல் கணுக்கள் வீங்குமா என்றெல்லாம் கேட்டார். முடக்குவாதம் இல்லை என்று ரத்தத்திலும் பார்த்தார். அது இருந்தால் வைத்தியமே வேறு.

பி.ஆர்.பி. ஊசி போடலாம் என்றார். நம் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைப் பிரித்து முட்டிக்குள் செலுத்துவது. நான் கேட்டேன்: "ஜவ்வு வளருமா டாக்டர்?"

"வளராது. வலி குறையலாம்."

அதோடு நிறுத்தவில்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பி.ஆர்.பி.யும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் போட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வலியிலும் சரி, ஜவ்விலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2021இல் வெளியானது. வேறு ஆய்வுகளில் பலன் தெரிந்ததாகவும் இருக்கிறது. ஊசி விற்கப்போகிறவரே இதைச் சொன்னது ஆச்சரியம்தான். அதனாலேயே அவர் மேல் நம்பிக்கை வந்தது. முட்டி மாற்று ஆபரேஷனுக்கு வயது பத்தாது, இப்போது மாற்றினால் பிற்காலத்தில் மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம் என்றார். ஒரு ஊசி 9,000. படுக்கையில் சேராமல் அன்றே வீடு திரும்புவதால் காப்பீட்டில் வரவில்லை. கைக்காசுதான்.

ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், தட்டணுக்கள் வேலை செய்வதை அது கெடுக்குமாம். பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொள்ளலாம். உண்மையில் கஷ்டம் அந்த ஏழு நாள்தான். பள்ளிக்குப் போக டவுன் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் கண்டக்டர் "பாத்தும்மா" என்பார்.

அன்றைக்குக் கையிலிருந்து 30 மில்லி ரத்தம் எடுத்தார்கள். சுழற்றி வந்த குழாயைக் காட்டச் சொன்னேன், வாத்தியார் புத்தி. அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு, நடுவே பாலாடைபோல மெல்லிய கோடு. அத்தனை ரத்தத்தில் முட்டிக்குள் போனது நான்கைந்து மில்லிதான். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஊசியை இறக்கினார்.

நல்லாயிருக்கும் என்று நினைத்து வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் முட்டிக்குள் உலக்கை போட்டு இடித்ததுபோல் இருந்தது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் அழுதுவிட்டேன். பழைய வலி மாத்திரையைப் போட முடியாது, ஐஸ் ஒத்தடம்தான். மூன்றாம் நாள் தணிந்தது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. இரண்டு முட்டிக்கும் சேர்த்து 36,000 ஆனது.

கூடவே பிசியோதெரபி. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை மடக்காமல் தூக்கி நிறுத்துவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. தொடைத் தசை வலுவானால் முட்டிக்குப் பாரம் குறையும் என்றார் அந்தத் தம்பி. சுலபமாகத் தெரியும், பத்து தடவையில் தொடை நடுங்கும். இரவில் சோற்றைக் குறைத்தேன். 74 கிலோ 69 ஆனது. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். கோலம் மகள் பொறுப்பு.

இரண்டு மாதத்தில் வலது முட்டி நன்றாகத் தேறியது. அந்தப் பக்கத்துக்கு வலி மாத்திரையே வேண்டியதில்லை. இடதில் பாதி வலி மிச்சம், படி இறங்கும்போது இன்னும் கடக் கடக் என்கிறது. தேறியது ஊசியாலா, பயிற்சியாலா, குறைந்த ஐந்து கிலோவாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து மறுபடி நின்று எக்ஸ்ரே எடுத்தோம். இடைவெளி அப்படியே இருந்தது. வளரவும் இல்லை, மேலும் தேயவும் இல்லை. இடதுக்கு இன்னொரு ஊசி போடலாமா என்று கேட்டேன். "மூணு மாசம் பயிற்சியை விடாம செஞ்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

போன வாரம் மதினி போன் செய்தார். "உனக்குத் தேவலைன்னாகளே, எனக்கும் அந்த ஊசியப் போட்டுறலாமா?"

"எக்ஸ்ரே எடுத்தீகளா மதினி?"

"எடுத்தேனே."

"நின்னா, படுத்தா?"