இமை முடிக்கு ஒரு சொம்புத் தண்ணி

பனியன் கம்பெனியில் வேலை செய்கிற யாரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால் புருவத்தில் பஞ்சு நிற்கும். நான் ஏழு வருஷமாகத் திருப்பூரில் செக்கிங்கில் இருக்கிறேன். ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே மேஜை. பீஸை விரித்து, உதறி, புரட்டி, ஊசி ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. ஃப்ளீஸ் ஆர்டர் ஓடும்போது பஞ்சு இன்னும் அதிகம். கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளைப் பஞ்சு பளிச்சென்று தெரியும் இல்லையா, ஒட்டின இமை முடியிலும் அப்படித்தான் தெரிகிறது. லேஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த இமை முடி மேல் செயற்கை முடி ஒட்டிக்கொள்வது, போட்ட பிறகுதான் அதைக் கவனித்தேன்.

முதல் தடவை போட்டது அண்ணன் கல்யாணத்துக்கு. எங்கள் பக்கக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கச்சிக்கு இணைச்சீர் என்கிற சடங்கு உண்டு. அதில் அண்ணனோடு நிற்கணும். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி இருப்பார்கள், போட்டோக்காரர் முகத்துக்கு நேரே வந்து எடுப்பார். அதற்காகத்தான் ஆசைப்பட்டுப் போட்டேன். ஒரு முடிக்கு ஒரு முடி ஒட்டுகிற கிளாசிக் வகை, மூக்குப் பக்கம் 9 மில்லிமீட்டர், ஓரத்தில் 11. இரண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். எழுந்து பார்த்தபோது மனசுக்கு அவ்வளவு பிடித்துப் போனது.

போட்டுவிட்டவர் சொன்னது இரண்டே வார்த்தை: தண்ணி படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது. முதல் நாளுக்கு மட்டும்தான் தண்ணி கூடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி விடாமல் காப்பாற்றினேன். ஈரத் துணியால் கன்னத்தையும் நெற்றியையும் துடைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் சுற்றிப் போய்விடுவேன். அதற்கு நடுவில் கல்யாண மேக்கப், வேர்வை, அண்ணியை அழைத்து வந்த அன்று அழுத அழுகை, அப்புறம் திங்கட்கிழமை மறுபடியும் கம்பெனிப் பஞ்சு.

பத்தாம் நாள் காலையில் கண் திறக்கவில்லை. இமை ஒட்டிக்கொண்டிருந்தது. முடியின் அடியில் கஞ்சி காய்ந்த மாதிரி மஞ்சளாக ஏடு. அரிப்பு தாங்கவில்லை. பசை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். கண் டாக்டர் விளக்குப் போட்டு இமையை மெதுவாக மடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"கண்ணைக் கழுவி எத்தன நாளாச்சும்மா?"

பிறகு பொறுமையாக விளக்கினார். இமையின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க அந்த எண்ணெய்தான் மேலே மூடுகிறது. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோலும் தூசியும் முடி அடியில் சேர்ந்தால் கிருமி பெருகும். டெமோடெக்ஸ் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிர்கூட அங்கே பெருகலாம். இமை ஓரம் அழன்றுபோகும். அதற்குப் பெயர் பிளெஃபரைட்டிஸ். பசை ஒவ்வாமையும் வரும், ஆனால் அது பெரும்பாலும் போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இமை சிவந்து வீங்குவதாகக் காட்டும். எனக்கு வந்தது அழுக்கு.

எக்ஸ்டென்ஷனை எடுத்துவிடச் சொன்னார். ஜெல் ரிமூவர் வைத்து முறையாக எடுத்தார்கள். கையால் பிடுங்கக் கூடாது. எங்கள் செக்‌ஷனில் ஒரு பொண்ணு அரிப்புத் தாங்காமல் அப்படிப் பிடுங்கி, சொந்த முடியும் சேர்ந்து வந்து, ஒரு கண்ணில் பாதி மொட்டையாக இரண்டு மாசம் இருந்தாள். பாவம், ஷாலால் முகத்தை மறைத்துக்கொண்டே வருவாள்.

கண் ஆறின பிறகு மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை எதை ஒட்டுகிறார்கள், எதால் ஒட்டுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒட்டுகிற முடிக்கு மிங்க், சில்க் என்று என்ன பெயர் வைத்து விற்றாலும் பெரும்பாலும் அது பிபிடி என்கிற பாலியெஸ்டர் வகை இழை. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பாலியெஸ்டருக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு செக்கிங்காரிக்குத் தெரியும். காட்டன் பீஸில் மெஷின் எண்ணெய் பட்டால் எப்படியாவது எடுத்துவிடலாம். பாலியெஸ்டரில் பட்டால் உள்ளே பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. அப்படிப்பட்ட இழையை எண்ணெய் சுரக்கிற இமை ஓரத்தில் வைத்திருக்கிறோம். தினம் கழுவாமல் எப்படி முடியும்? அதே மாதிரி அந்த வளைவும் சூட்டில் படிய வைத்ததுதான். அதிகச் சூடு பட்டால் போய்விடும். இட்லி குண்டா மூடியைத் திறக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடுப்பில் ஜுவாலை குபீரென்று ஏறினால் நுனி கருகிச் சுருண்டுவிடும், நிமிராது.

பசை சயனோஅக்ரிலேட். கடையில் சின்ன ட்யூபில் விற்கிற, கை பட்டால் ஒட்டிக்கொள்கிற பசையின் குடும்பம்தான். அது இறுகுவதே காற்றில் இருக்கும் ஈரத்தால். அதனால் இறுகி முடித்த பிறகு தினம் தண்ணி ஊற்றிக் கழுவுவதால் அது கரைந்துவிடாது. எண்ணெய் சேரச் சேரத்தான் பிடிப்பு தளரும். எண்ணெயும் சோப்பும் இல்லாமல் பத்து நாள் காத்தேன் என்று நினைத்தேன், என் இமையிலேயே எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

இந்தப் பசையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லணும். ஒரு நாள் கம்பெனியில் மெக்கானிக் அண்ணன் அந்தக் கடைப் பசையைச் சிந்திவிட்டு, பக்கத்தில் கிடந்த வேஸ்ட் துணியால் துடைத்தார். துணியிலிருந்து புகை வந்தது. விரல் சுட்டுவிட்டது. காட்டனும் அந்தப் பசையும் சேர்ந்தால் சூடு கிளம்பும். தயவுசெய்து யாரும் உதிர்ந்த லேஷை வீட்டில் கடைப் பசை வைத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். கண் ஓரம் அது.

இனி நான் கழுவுகிற விதம்.

ராத்திரி வீட்டுக்குள் வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னாலேயே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்துக்குள்ளும் பார்த்துவிட்டு, ஒரு சொம்பில் நல்ல தண்ணி எடுத்துக்கொள்வேன். எங்கள் குழாயில் வருவது போர் தண்ணி, உப்பு. பாத்ரூம் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அது இமை முடியிலும் படியும், காய்ந்தால் முடி விறைத்துச் சொரசொரப்பாக இருக்கும். ஆற்றுத் தண்ணி வருகிற அன்று பிடித்து வைத்ததோ, அதையே காய்ச்சி ஆறவைத்ததோ ஒரு சொம்பு போதும். திருப்பூர், அவிநாசிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை முதலில் சொல்வேன். வேறெங்கும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெயும் வாசனையும் இல்லாத, இமைக்கென்றே விற்கிற நுரை கிளென்சரை ஒரு அமுக்கு. பேபி ஷாம்பூவை நான் விட்டுவிட்டேன், சிலதில் மென்மைக்காக எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். நுரையை மோதிர விரலால் இமை மேல் வைத்து, தேய்க்காமல் தட்டித் தட்டி முடி அடிக்குக் கொண்டுபோகணும். அழுக்கு இருப்பது நுனியில் இல்லை, அடியில். பிறகு மெத்தென்ற சின்ன பிரஷ், குழந்தைகள் வாட்டர் கலர் அடிக்கிற அளவு. அதால் இமை ஓரத்தை ஒட்டி மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக, அப்புறம் அடியிலிருந்து நுனிக்கு. கண்ணாடியைக் கீழே வைத்துத் தாடையைத் தூக்கினால் இமையின் அடிப்பக்கம் தெரியும், அங்கேயும் ஒரு தடவை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற நிதானம் வேண்டும். கண்ணுக்கு அரை நிமிஷம் போதும். முதல் வாரம் நுரை சாம்பல் நிறமாக வந்தது. அது கம்பெனிப் பஞ்சும் ரோட்டுப் புழுதியும். ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்கூட்டி ஓட்டினாலும் புழுதி வந்துவிடுகிறது.

தண்ணியை டம்ளரில் மொண்டு நெற்றியிலிருந்து வழிய விடுவேன். வழுவழுப்புப் போகும்வரை. துடைக்கத் தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம். அந்த டவலின் நூல் வளையம் ஒவ்வொன்றும் ஒரு கொக்கி, ஒட்டின முடியை மாட்டி இழுத்துவிடும். டிஷ்யூ பேப்பரை இமைக்கு அடியில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். பஞ்சும் கூடாது, நார் சிக்கும். ஃபேனுக்கு அடியில் இரண்டு நிமிஷம். காய்ந்த பிறகு ஸ்பூலி என்கிற குட்டி இமை பிரஷ்ஷால் நடுவிலிருந்து நுனிக்கு மெதுவாகச் சீவுவேன். ஈரத்தில் சீவினால் பின்னிக்கொண்டு பிடுங்கும். ஸ்பூலியையும் வாரம் ஒரு தடவை கழுவிக் காயவைத்து, கொஞ்ச நாளில் புதுசு மாற்றிவிடணும். அடுத்தவர் ஸ்பூலியைத் தொடவே வேண்டாம்.

எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது வெள்ளிக்கிழமை. அம்மா எண்ணெய்க் குளியலை விடவே மாட்டார்.

"ஏங் கண்ணு, ஊட்டுல செக்கு எண்ணெய வெச்சுக்கிட்டு, தலை வறண்டு கெடக்குது பாரு. கண்ணு எரியுதுங்கற, எண்ணெ வெக்காட்டி எரியாம என்ன பண்ணும்?"

அவரிடம் வாதாட முடியாது, எனக்கும் அந்தக் குளியல் பிடிக்கும். ஒரு வழி கண்டுபிடித்தோம். மணையில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வேன். அம்மா உச்சியிலும் பொடனியிலும் மட்டும் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பார், முன் நெற்றி முடிக்கு வரமாட்டார். நெற்றியில் பழைய வேட்டித் துணியை ஒரு விரல் அகலம் மடித்துக் கட்டிவிடுவார். அரப்புத் தேய்த்து ஊற்றும்போது இடது கையை என் புருவத்துக்கு மேல் குறுக்கே வைத்துக்கொள்வார், வாய்க்காலுக்கு மடை கட்டுகிற மாதிரி. அரப்புத் தண்ணி அவர் கையில் மோதி இரண்டு காதுப் பக்கமும் பிரிந்து ஓடும். மொத்தக் குளியலும் முடிகிறவரை அந்தக் கையை எடுக்கவே மாட்டார். குளித்து எழுந்ததும் உடனே இமையையும் நுரை போட்டுக் கழுவிவிடுவேன், ஏதாவது தப்பி வந்திருந்தால் போய்விடும்.

இமை முடி அடர்த்தியாக வளர விளக்கெண்ணெய் தடவச் சொல்வதையும் அம்மா நிறுத்திவிட்டார். எக்ஸ்டென்ஷன் இருக்கும்போது அது ஆகாது. கண்மையும் பென்சிலும்கூட இமை ஓரத்தில் போடுவதில்லை.

உதிர்வதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. நானும் தலையணையில் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டுப் பதறியிருக்கிறேன். சொந்த இமை முடியே நாளைக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை உதிரும். அது போகும்போது ஒட்டினதையும் கொண்டுபோகும். உதிர்ந்ததை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, துணியில் இழை எண்ணுகிற கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தடிமனான கறுப்பு இழையின் பக்கத்தில் மெல்லிசாகச் சொந்த முடி, அதன் அடியில் வெண்ணிறமாகக் குட்டிக் குமிழ். காலம் முடிந்து தானாக விழுந்தது அப்படித்தான் இருக்கும். ஒட்டினது மட்டும் தனியாக வந்திருந்தால் பசையிலோ, கழுவுவதிலோ குறை. ஒரே நாளில் பத்து, பதினைந்து வந்தால் போட்டவரிடம் போய்க் காட்டணும். மற்றபடி இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு ரீஃபில், அதாவது உதிர்ந்த இடத்தில் புதுசு ஒட்டுவது. முடி வளர வளர ஒட்டினது இமையை விட்டுத் தள்ளிப்போய், பாரத்தில் திரும்பிக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவைத்தால் சொந்த முடிக்குத்தான் கஷ்டம்.

படுப்பது மல்லாந்து. எனக்கு அது பழக மூன்று வாரம் ஆனது.

இமை வீங்கினாலோ, கண் வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ நுரை கிளென்சரை நம்பி உட்காராதீர்கள். நேராகக் கண் டாக்டர். முதல் தடவை போடுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு முடி மட்டும் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் பார்க்கிற பேட்ச் டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள். முதல் தண்ணி எப்போது படலாம் என்பதையும் கேளுங்கள். பசைக்குப் பசை மாறும், எனக்கு 24 மணி நேரம் என்றார்கள்.

அடுத்த வாரம் எங்கள் நங்கையின், அதாவது அண்ணியின், தம்பிக்குக் கல்யாணம். இந்தத் தடவை இணைச்சீர் நங்கைக்கு. புதன்கிழமை போய் லேஷ் போட்டுக்கொண்டு வந்தார். நேற்று ராத்திரி 24 மணி நேரம் முடிந்தது. "கழுவுனா உளுந்துருமா அம்மிணி?" என்று மூன்று தடவை கேட்டார். வாசல் திண்ணையில் உட்கார வைத்து, தாடையைத் தூக்கச் சொன்னேன். அம்மா சொம்புத் தண்ணியோடு பக்கத்தில் நின்றார். நுரை வைக்கும்போது நங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டவர், கழுவி, ஒற்றி, ஃபேனில் காய்ந்து, ஸ்பூலி போட்டு முடிகிறவரை விடவில்லை. டிஷ்யூவில் ஒரு முடிகூட வரவில்லை. விரித்துக் காட்டினேன்.