அலமாரியில் எத்தனை அட்டை இருக்கிறது?

கைப்பேசி வழி மருத்துவம் என்று பேச்செடுத்தாலே, தொலைவில் இருக்கும் மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியை விசாரிக்கும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். என்னை அதைவிட அதிகம் கவர்ந்தது, தான்சானியாவில் 2009 இறுதியில் தொடங்கி 21 வாரங்கள் நடந்த ‘எஸ்எம்எஸ் ஃபார் லைஃப்’ என்னும் முன்னோட்டத் திட்டம். மருந்து அலமாரியைக் கவனித்துக்கொள்ளும் சுகாதார நிலைய ஊழியரின் சாதாரணக் கைப்பேசியை நம்பியே அது நடந்தது.

மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் ஆர்ட்டிமெத்தர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை, நோயாளியின் உடல் எடைக்கு ஏற்ப 6, 12, 18, 24 மாத்திரைகள் கொண்ட நான்கு வகை அட்டைகளாக வருகிறது. பெரியவர்களுக்கான அட்டை குவிந்து கிடக்க, கைக்குழந்தைக்கு உரிய ஆறு மாத்திரை அட்டை மட்டும் தீர்ந்துபோனால், காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி வந்த தாய்க்கு அந்த நிலையம் திறந்திருந்தும் முழுப் பயன் இல்லை. இத்தனைக்கும் அதே மாவட்டத்தின் வேறொரு நிலையத்தில் அந்த அட்டை மிஞ்சிக் கிடக்கலாம். அதை மாவட்ட அலுவலர் அறிந்துகொள்ளத்தான் வழியில்லாமல் இருந்தது.

இந்தத் திட்டத்தில் வாரம் ஒருமுறை ஊழியரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். நான்கு வகை அட்டைகளும், மலேரியாவுக்கான இன்னொரு மருந்தாகிய குயினைன் ஊசி மருந்தும் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணி, கட்டணமில்லா எண்ணுக்கு அவர் பதில் அனுப்ப வேண்டும். உரிய நேரத்தில் அனுப்பியவருக்குப் பேச்சுநேரம் இலவசமாக ஏறிவிடும். அனுப்பாதவருக்கு நினைவூட்டல் போகும். வந்த கணக்கு ஓர் இணையதளத்தில் பதிவாக, மாவட்ட மருத்துவ அலுவலர்கள் அதைப் பார்த்து, மிஞ்சிய இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மருந்தை மாற்றிவிடலாம். திட்டத்தின் உயிர்நாடி அந்தச் சில்லறைப் பேச்சுநேரம்தான் என்பது என் எண்ணம். சுமார் 95 சதவீதம் பதில்கள் வந்து சேர்ந்ததற்கு, சுற்றறிக்கை மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

மூன்று மாவட்டங்களைச் சேர்ந்த 129 நிலையங்களில், தொடக்கத்தில் 78 சதவீதம் ஏதேனும் ஒரு மலேரியா மருந்து இல்லாமல் இருந்தன; முடிவில் அது 26 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லிண்டி ஊரக மாவட்டத்தில் பற்றாக்குறை அடியோடு நீங்கிவிட்டது. கிகோமா ஊரக மாவட்டத்திலோ ஏறத்தாழ பாதி நிலையங்களில் அது நீடித்தது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே, கைப்பேசியும் ஒரே மாதிரிதான். கணக்கைப் பார்த்த பிறகு வண்டியும் ஆளும் அனுப்பி மருந்தை நகர்த்துகிற வேலை எங்கே எப்படி நடந்தது என்பதையும், மாவட்டக் கிடங்குக்கே சரக்கு வந்ததா என்பதையும் குறுஞ்செய்தி தீர்மானிப்பதில்லை.

தான்சானியா பின்னர் இதை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. பக்கத்து நாடான உகாண்டாவிலோ, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இத்தகைய முன்னோட்டத் திட்டங்கள் பெருகிப்போய், 2012-இல் சுகாதார அமைச்சகமே புதியவற்றை நிறுத்திவைக்க உத்தரவிட வேண்டியதாயிற்று. நன்கொடைப் பணம் தீர்ந்ததும் ஊழியரின் பேச்சுநேரத்துக்கு யார் கணக்கில் செலவு எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யாத திட்டங்களுக்கு, அந்த உத்தரவு நியாயமானதே என்று நான் நினைக்கிறேன்.