கறுப்பா இருக்கே சிஸ்டர்!

கல்யாணத் தேதி நெருங்கும் பெண்கள் எங்கள் ஓ.பி.க்கு நிறைய வருவார்கள். பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருபவர்கள்தான் அதிகம். சிலர் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, டாக்டர் எழுந்து போகும்வரை காத்திருந்து, "சிஸ்டர், எனக்குக் கீழே ஒரு மாதிரி இருக்கு" என்று என்னிடம் ஆரம்பிப்பார்கள்.

போன மாதம் வந்த பெண்ணுக்கு உட்காரவே முடியவில்லை. முகத்துக்கு என்று மெடிக்கலில் வாங்கிய சிவப்பழகு க்ரீமை, ஸ்டீராய்டும் தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்தது, பிறப்புறுப்பில் தடவியிருக்கிறாள். வெளி உதடுகள் சிவந்து தோல் உரிந்திருந்தது. "கறுப்பா இருக்கே, அவருக்குப் பிடிக்காதே" என்று அழுதாள்.

டாக்டர் மருந்து எழுதித் தந்த பிறகு நான் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதுவரை அவள் நேராகப் பார்த்ததே இல்லை.

"இது ஏன் வெளியே தொங்குது? ரெண்டும் ஒரே அளவா வேற இல்லையே, வெட்டணுமா?"

"அது உள் உதடும்மா. நிறைய பேருக்கு இப்படித்தான். வெட்டவெல்லாம் வேண்டாம்."

பிரசவ வார்டில் பல வருடமாக வேலை பார்ப்பவள் சொல்கிறேன்: ஒருவருக்கு இருப்பது போல இன்னொருவருக்கு இருக்காது. சிலருக்கு உள் உதடு வெளியே தெரியவே தெரியாது. சிலருக்கு வெளி உதட்டைத் தாண்டி, சேவல் கொண்டை மாதிரி ஓரம் சுருங்கி நிற்கும். சிலருக்கு இடது பக்கம் நீண்டு வலது பக்கம் குட்டையாக இருக்கும். உள் உதடுகள் மேலே சேரும் இடத்தில் இருக்கும் மொட்டு, அதாவது கிளிட்டோரிஸ், ஒருவருக்கு மூடிய தோலுக்குள் ஒளிந்திருக்கும், இன்னொருவருக்கு நன்றாக வெளியே தெரியும். மாநிறப் பெண்ணுக்கும் உதடு அடர்கறுப்பாகவோ ஓரம் ஊதாவாகவோ இருக்கலாம், உள்ளே இளஞ்சிவப்பு. வயதுக்கு வரும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அங்கே நிறமியைக் கூட்டுகிறது. கர்ப்பத்தில் முலைக்காம்பு கறுப்பது போல அதுவும் இன்னும் கறுக்கும். அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2005இல் வெளியான ஆய்வில், லண்டனில் 50 பெண்களை அளந்தபோது உள் உதட்டின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது. 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், சுவிட்சர்லாந்தின் லுசெர்னில் 15 முதல் 84 வயது வரை 657 பெண்களிடம் எடுத்த அளவில் நீளம் 5 மில்லிமீட்டரிலிருந்து 100 வரை போனது. இதில் எதை "சரியான சைஸ்" என்று சொல்வது?

பிரிட்டிஷ் சிற்பி ஜேமி மெக்கார்ட்னி 400 பெண்களின் பிறப்புறுப்பை அச்செடுத்துப் பத்துப் பலகைகளில் வைத்திருக்கிறார். 18 வயதுப் பெண்ணும் உண்டு, 76 வயதுக்காரரும் உண்டு. அந்தப் படத்தை போனில் காட்டினால் பெண்களின் முகமே மாறிவிடும். ஒரே குறை, எல்லாம் வெள்ளை பிளாஸ்டர். நம் பெண்களின் கவலையோ கலரைப் பற்றியது. அதனால் அதை நானே வாயால் சொல்லிவிடுவேன்.

இந்தக் கவலை சும்மா வரவில்லை. 2012இல் டிவியிலேயே அந்தரங்க உறுப்பைச் சிவப்பாக்கும் வாஷுக்கு விளம்பரம் போட்டார்கள். இப்போது போனைத் திறந்தாலே உதட்டைக் குறைக்கும் ஆபரேஷன் விளம்பரம். உள் உதட்டில் நரம்புகள் ஏராளம். வெட்டினால் தழும்பு வலிக்கலாம், உணர்ச்சி குறையலாம். அதை அந்த விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அப்புறம் ஜட்டியில் நிறம் வெளுத்துப் போகிறதே என்று கேட்பவர்களுக்கு: பிறப்புறுப்பில் ஊறும் திரவத்துக்கு இயல்பாகவே அமிலத்தன்மை உண்டு, துணிச்சாயத்தை அது வெளுக்கவைக்கும். கிருமி அண்டாமல் காப்பதும் அதே அமிலம்தான். வெளியே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், உள்ளே சோப்பு வேண்டாம்.

தீராத அரிப்பு, ஆறாத புண், புதிதாக ஒரு கட்டி, தோலில் வெள்ளைத் திட்டு, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், சைக்கிள் ஓட்டும்போதோ உறவின்போதோ வலி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். "ஷேவ் பண்ணாம வந்துட்டேன்" என்று யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். இருக்கிறபடியே வாருங்கள், முடி இருந்தாலும் எங்களால் பார்க்க முடியும்.