வேர்ட் கோப்பிலிருந்து அச்சுக்கு உகந்த வெக்டார் கோப்பு வரை

கடலூரில் நாங்கள் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்காக ஒரு சிறப்பு மலரையும், அதன் வெளியீட்டு விழாவுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பலகையையும் ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாமே வேர்டில், யுனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு அச்சு வேலை செய்பவரோ கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில், யுனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களைக் கொண்டே பழகியவர். "சார், எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணிக் கொண்டு வந்திடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். எழுத்தை, எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவமாக மாற்றுவதைத்தான் அவர் கர்வ் என்கிறார்.

உள்பக்கங்களை நான் தொடவில்லை. அவற்றுக்கு எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் போதும். பக்கம் பக்கமான உரையைக் கோடுகளாக மாற்றினால் கோப்பு வீங்கும், பிறகு அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. அட்டை, சங்க முத்திரை, பலகை ஆகிய மூன்று மட்டுமே வெக்டாராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக, வேண்டியிருந்தன.

வேர்டிலிருந்து பிடிஎஃப் எடுத்து, அதை இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்தேன். தமிழுக்கு உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடுக்குகிறது: "கொ" என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், பிறகு கால். அதைத் திருத்தக்கூடிய உரையாகவே உள்ளே இழுத்தால் கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி, புள்ளி வட்டம் ஒன்றைத் தாங்கி நிற்கும்; "கொண்டாட்டம்" வாசிக்க முடியாததாகிவிடும். ஆகவே பிடிஎஃப் கோப்பைப் படிக்கும் பாப்லர் என்ற நிரல் வழி இறக்குமதியைத் தேர்ந்தெடுத்தேன். அது எழுத்துகளை உருவங்களாகவே வரைந்துவிடுவதால் துணையெழுத்துகள் இடம் பெயரவில்லை.

முத்திரைதான் அதிக நேரம் பிடித்தது. வேர்டில் இருந்தது ஒரு சிறிய ஜேபிஜி படம். அதை எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பு வகையில் சேமித்தாலும் உள்ளே அதே படம்தான் இருக்கும், வெக்டார் ஆகிவிடாது. பழைய கடிதத்தாளில் இருந்த முத்திரையை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பின் டிரேஸ் வசதியால் கோடாக்கினேன். விளக்கும் இலைக்கொத்தும் நன்றாக வந்தன. வட்டத்தைச் சுற்றியிருந்த எழுத்துகளிலோ ணகரத்தின் சுழிகள் மை அடைத்துக் கட்டியாகத் தெரிந்தன. அவற்றை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்து வளைத்து அமைத்தேன். டிரேஸ் செய்த எழுத்தை எப்படிச் சீர்செய்தாலும் அழகு வராது என்பது என் கருத்து.

இங்க்ஸ்கேப் தரும் எஸ்விஜி, நிறங்களை ஆர்ஜிபி என்ற திரைக்குரிய நிறமுறையில்தான் வைத்திருக்கும். அதை அச்சுக்குரிய நான்கு நிறங்களுக்கு மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மைகளின் கலவையாகிவிடும். தகடுகள் மயிரிழை விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளியைச் சுற்றி நிறம் கசியும். அச்சக நண்பர் கோரல்டிராவில் அந்தக் கறுப்பை மட்டும் 100 சதவீதத் தனிக் கறுப்பாக மாற்றினார். அளவிலும் ஒரு தொல்லை உண்டு: ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று இங்க்ஸ்கேப் கொள்ள, 72 என்று கொள்ளும் மென்பொருளில் அதே எஸ்விஜி மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் திறக்கும். அதனால் பிடிஎஃப் வடிவிலேயே கொடுத்து, அளவைச் சரிபார்க்க ஓரத்தில் சரியாக 5 செ.மீ. நீளமுள்ள கோடு ஒன்றையும் வரைந்து வைத்தேன். வெட்டு சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளை தெரியாதிருக்க, அட்டையின் வெட்டு ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. பின்னணி நிறத்தை நீட்டியிருந்தேன்.

பலகை அச்சுக்குப் போகும் முன் விழாத் தேதி மாறியது. கர்வ் செய்த எழுத்தில் எண்ணைத் தட்டி மாற்ற வழியில்லாததால், எடுத்து வைத்திருந்த வேர்ட் மூலத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தி, அதை மட்டும் மறுபடி கோடாக்கிப் பலகையில் பொருத்தினோம்.