ஷரத்து 4(பி)

பிப்ரவரி 3

பையனுக்கும் சண்டைகளை ஏற்பாடு செய்யும் ப்ரமோட்டருக்கும் இடையிலான குத்துச்சண்டை ஒப்பந்தம், வரைவு வந்துவிட்டது. முப்பத்தொரு பக்கம். பையன் ஒன்பதாம் பக்கத்தில் சைனிங் போனஸை, கையெழுத்துப் போட்டதும் தரும் தொகையை, மட்டும் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறான்.

முதலில் பார்க்க வேண்டியது காலம். மூன்று ஆண்டு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் கணக்கு கையெழுத்து நாளிலிருந்து இல்லை, முதல் சண்டை நாளிலிருந்து. காயம், குத்துச்சண்டைக் கமிஷன் விதிக்கும் தடை, விசா தாமதம், வழக்கு, எது வந்தாலும் கடிகாரம் நிற்கும், அத்தனை நாளும் கடைசியில் சேரும். பட்டம் வென்றால் தானாகவே இன்னும் இரண்டு ஆண்டு. மூன்று என்று எழுதியது சுலபமாக ஆறில் போய் நிற்கும். குத்துச்சண்டைக்காரனுக்கு நல்ல காலமே பத்து வருஷம்.

கேட்க வேண்டியது: எல்லா நீட்டிப்பும் சேர்ந்து 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. பட்டத்துக்காக நீட்டினால் மினிமம் பர்ஸும், அதாவது ஒரு சண்டைக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையும், அன்றைக்கே ஏற வேண்டும்.

பிப்ரவரி 4

பதில் இல்லை.

பிப்ரவரி 6

4(பி)-யை விட்டு வர முடியவில்லை. “ப்ரமோட்டர் ஆண்டுக்கு மூன்று சண்டைகள் நடத்த வேண்டும், அல்லது நடத்த முன்வர வேண்டும்.” அந்த ‘முன்வர’தான். ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே கடமை முடிந்தது. 135 பவுண்டுப் பையனுக்கு 147-இல் ஓர் எதிராளி, மூன்று வார அவகாசம், மினிமம் பர்ஸ். அவன் மாட்டேன் என்பான், சொல்லித்தான் ஆக வேண்டும். உடனே ஒரு சண்டை ‘கொடுத்ததாக’க் கணக்கு. மறுத்தான் என்பதற்காக 4(டி)-யின்படி ஆறு மாத நீட்டிப்பு வேறு. ஒரே கல், இரண்டு மாங்காய், இரண்டும் அவர்கள் மடியில்.

‘முன்வர’ என்பதை எடுக்கவே மாட்டார்கள் என்றால் அதற்கு வேலி போட வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் எழுத்தில் வர வேண்டும். எடை 135 முதல் 140-க்குள். இடம், தேதி, சுற்று எண்ணிக்கை, எதிராளி பெயர் எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். எதிராளி விலகினால் அந்த ஆஃபர் செல்லாது. ஆண்டு முடிவில் எண்ணிக்கை குறைந்தால், குறைந்த ஒவ்வொரு சண்டைக்கும் மினிமம் பர்ஸ் கைக்கு வர வேண்டும், 30 நாளில் வெளியேறும் உரிமையும் வேண்டும். பணம் மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மருந்தில்லை.

மைக்கி கார்சியா 2014 ஜனவரியில் சண்டை போட்டார். அவருடைய ப்ரமோட்டர் டாப் ரேங்க்குடன் ஒப்பந்தத் தகராறு. அடுத்த முறை வளையத்துக்குள் ஏறியது 2016 ஜூலையில். தோல்வியே காணாத ஆள், இருபதுகளின் நடுவில் இரண்டரை வருஷம்.

பிப்ரவரி 9

எட்டுச் சுற்றுச் சண்டைக்கு 15,000 டாலர் பர்ஸ் என்று வைப்போம். மேனேஜருக்கு மூன்றில் ஒன்று, 5,000. ட்ரெய்னருக்கு 10 சதவீதம், 1,500. சுற்றுகளுக்கு நடுவே காயம் பார்க்கும் கட்மேனுக்கு 2 சதவீதம், 300. கையில் 8,200. இதிலிருந்துதான் பயிற்சியில் மோதும் ஸ்பாரிங் ஆட்களுக்குக் கூலி, கண் பரிசோதனை, மூளை ஸ்கேன், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை ரத்தப் பரிசோதனைகள், அப்புறம் வரி. மெடிக்கல் செலவை ப்ரமோட்டர் ஏற்பதாக ஒரு வரி கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை.

சைனிங் போனஸ், பன்னிரண்டாம் பக்கம், சிறிய எழுத்து: “எதிர்காலப் பர்ஸ்களில் ஈடுகட்டப்படும்.” அது போனஸ் இல்லை, கடன்.

பிப்ரவரி 10

பையன் மறுபடி போனஸைப் பற்றியே கேட்கிறான்.

1987 ஏப்ரல், லெனர்ட்–ஹாக்லர். உத்தரவாதத் தொகை ஹாக்லருக்கு 1.2 கோடி டாலர், லெனர்டுக்கு 1.1 கோடி. லெனர்ட் அந்தப் பத்து லட்சத்தை விட்டுக்கொடுத்து வாங்கியது என்ன? 15 சுற்றுக்குப் பதில் 12 சுற்று, 20 அடி வளையம், 10 அவுன்ஸ் கையுறை. ஓட இடம், அடி கொஞ்சம் மெத்து, மூச்சு வாங்கும் கடைசி மூன்று சுற்று கிடையாது. இரண்டு நடுவர்கள் லெனர்ட் பக்கம், ஒருவர் ஹாக்லர் பக்கம். சண்டையில் பாதி மேஜையிலேயே முடிந்திருந்தது.

பிப்ரவரி 13

அலி சட்டம், 2000, குத்துச்சண்டை வீரர்களைக் காக்க அமெரிக்காவில் வந்தது. பத்துச் சுற்றோ அதற்கு மேலோ என்றால், அந்தச் சண்டையில் தனக்கு என்ன வரப்போகிறது, பையனிடம் என்னென்ன பிடிக்கப்போகிறது என்பதை ப்ரமோட்டர் வீரனிடம் சொல்லியாக வேண்டும். சொல்லும்வரை அவருக்குப் பணம் வாங்கும் உரிமை இல்லை. அழகான சட்டம். இருபத்தேழாம் பக்கத்தில்: “மேற்படி விவரங்கள் யாவும் கிடைக்கப்பெற்றதாக வீரர் ஒப்புக்கொள்கிறார்.” நடக்காத சண்டைக்கு இன்றைக்கே ரசீது! இந்த வரி போயே ஆக வேண்டும், பேரமே கிடையாது.

மேனேஜர் யார் என்பதையும் விசாரிக்கணும். ப்ரமோட்டருக்கு மேனேஜர் தொழிலில் பணத் தொடர்பு இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

பிப்ரவரி 14

ஒன்றும் இல்லை. 4(பி) மறுபடி படித்தேன்.

பிப்ரவரி 17

பர்ஸ் ஏலம், அதாவது சண்டையை நடத்தும் உரிமைக்கு ப்ரமோட்டர்கள் கேட்கும் ஏலம். வெளியாள் ஏலத்தை எடுத்தால் பையன் பங்கில் 20 சதவீதம் இவர்களுக்காம். ஏலத்தில் தோற்றதற்குக் கூலி.

லோபஸ்–கம்போசோஸ், 2021 பிப்ரவரி. உலகப் பட்டம் வழங்கும் அமைப்பான ஐ.பி.எஃப். ஏல உறைகளைத் திறந்தபோது, ப்ரமோட்டர்களில் ட்ரில்லர் 60,18,000 டாலர், மேட்ச்ரூம் 35,06,000, லோபஸின் சொந்த ப்ரமோட்டர் டாப் ரேங்க் 23,15,000. சொந்த வீடுதான் கடைசி! ஆனால் பெரிய எண் நிலைக்கவில்லை. தேதி தள்ளித் தள்ளிப் போய், ஐ.பி.எஃப். ட்ரில்லர் தவறியதாக முடிவு செய்து சண்டையை மேட்ச்ரூமுக்கு அதன் பழைய விலைக்கே கொடுத்தது. லோபஸின் 65 சதவீதம் கணக்குப்படி 39 லட்சத்திலிருந்து 23 லட்சத்துக்கு இறங்கியது. நவம்பர் 27-இல் தோற்று பட்டங்களும் போயின.

எண்ணைவிட, எத்தனை நாளில் நடக்கும் என்பதுதான். திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன்.

பிப்ரவரி 18

எடை ஷரத்து. கூடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அபராதம் என்று இருக்கிறது, தொகை காலியாக விட்டிருக்கிறார்கள். காலி இடம் ஆபத்து. 2009-இல் மார்க்வெஸுக்கு எதிராக மேவெதர் 144-க்கு ஒத்துக்கொண்டு 146-இல் ஏறினார், பவுண்டுக்கு மூன்று லட்சம் வீதம் ஆறு லட்சம் டாலர் கட்டினார். அவருக்கு அது சில்லறை. அபராதம் மலிவாக இருந்தால் பணமுள்ளவன் எடையை விலைக்கு வாங்குவான்.

மறுநாள் காலை எடை என்று தனியாக ஒன்று. 2023-இல் ரயன் கார்சியா 136-இல் எடை பார்த்து, மறுநாள் 146-ஐத் தாண்டக் கூடாது என்று எதிராளி டேவிஸ் தரப்புக்கு ஒத்துக்கொண்டார். ஏழாம் சுற்றில் வயிற்றில் ஒரு குத்து, எழவில்லை. காய்ந்த உடம்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பையனுக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம்.

பிப்ரவரி 21

இரண்டாம் வரைவு. 4(பி)-யில் ‘முன்வர’ இல்லை! எழுந்து டீ போட்டேன்.

பிப்ரவரி 21, இரவு

11(எஃப்)-இல் இருக்கிறது. “முந்தைய பிரிவுகளில் எது எப்படியிருப்பினும்” என்று தொடங்கி, அதே வாக்கியம்.

பிப்ரவரி 24

ரீமேட்ச் ஷரத்தில் கடைசி நாள் எழுதவில்லை. ஃப்யூரி, ஜோஷுவாவுடன் ஆகஸ்ட் 14 என்று அறிவித்த மறுநாளே, 2021 மே 17-இல், வைல்டருக்கு மூன்றாம் சண்டை பாக்கி என்று ஒப்பந்தத் தகராறை விசாரித்த மத்தியஸ்தர் தீர்ப்பு வந்தது. ஷரத்து காலாவதியாகிவிட்டது என்றுதான் ஃப்யூரி தரப்பு நம்பியிருந்தது.

கடைசிப் பக்கத்தையும் மாற்றிவிட்டார்கள். முதல் வரைவில் கலிபோர்னியா சட்டம், இப்போது நெவாடா. கலிபோர்னியாவில் தனிநபர் உழைப்பு ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுக்கு மேல் திணிக்க முடியாது. ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

மார்ச் 2

மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள். எட்டு வாரம். 135–140. 12 மாதம். 11(எஃப்) முழுதாகப் போக வேண்டும். போனஸைப் பற்றி நாமாக வாயைத் திறக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லணும்.

மூன்றரை.

பையன் லைன் பிஸி.