நாலு டிராக் கேசட் ரெக்கார்டர்: பழுது பார்ப்பதா, விட்டுவிடுவதா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் சபைப் பாடகர் குழுவிலோ வில்லுப்பாட்டுக் குழுவிலோ இருந்தவர் வீட்டுப் பரணில் பழைய நாலு டிராக் ரெக்கார்டர் (நாலு ஒலியைத் தனித்தனியாக ஒரே கேசட்டில் பதிந்து, பிறகு ஒன்றாகக் கலக்கும் பெட்டி) கிடைத்தால், முதலில் கேசட்டுகளைத் தேடுங்கள். பெட்டியை அப்புறம் பார்க்கலாம். மிக்ஸ் செய்யாத நாலு டிராக் கேசட் ஒன்றாவது இருந்தால் பெட்டிக்குச் செலவு செய்யலாம். கேசட் ஏதும் இல்லை, புதிதாகப் பதிவு செய்ய மட்டும்தான் ஆசை என்றால், ஹெட் (டேப்பில் உரசி ஒலியைப் பதியும், வாசிக்கும் பாகம்) நன்றாக இருந்தால் தவிர இறங்காதீர்கள்.

காரணம் இதுதான். கேசட் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். சாதாரண டெக் அதில் ஏ பக்கம் இரண்டு, பி பக்கம் இரண்டு என நாலு டிராக் வைக்கிறது. 1979இல் வந்த டாஸ்காம் 144 தொடங்கி இந்த வகைப் பெட்டிகள் நாலையும் ஒரே திசையில் பயன்படுத்துகின்றன. பல மாடல்கள் விநாடிக்கு 9.5 செ.மீ. என்ற இரட்டை வேகத்தில் ஓடுபவை. அதனால் சி-60 கேசட்டில் 15 நிமிடம்தான் பதிவாகும். அந்தப் பெட்டியில் பதிவானதை அதே பெட்டியின் ஹெட் வாசிப்பதுபோல வேறெதுவும் வாசிக்காது, ஹெட்டின் சாய்வுகூட அப்படியே பொருந்தும். கேசட்டைப் போட்டுக் கேட்கும் முன் ஹெட் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது என்பதும் இதனால்தான்.

மின்சாரம் கொடுக்கும் முன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120. நம்மூரில் பாதிப் பெட்டி கடல் கடந்து வந்தது. சவுதியில் பல ஊர்களில் 127 வோல்ட் இருந்ததால், வளைகுடாவில் வாங்கியது என்று சொன்னாலே 230க்கு ஒத்துப்போகும் என்று நம்பிவிடக் கூடாது. நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். அடாப்டர் மாடலானால் பிளஸ் நடுவிலா வெளியிலா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்து டார்ச்சும் நகமும். ஹெட்டின் முகத்தில் டேப் ஓடும் தடத்துக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுங்கள். விளிம்பில் படிபோலத் தட்டினால் ஹெட் தேய்ந்திருக்கிறது. முதலில் அடிபடுவது ஓரத்து 1, 4 டிராக்குகளின் கீச்சு ஒலி. லேசான தேய்மானத்தைத் தீட்டிச் சரிசெய்ய ஆள் உண்டு, ஆனால் புது நாலு டிராக் ஹெட் கிடைப்பது அபூர்வம். ஆழமாகத் தேய்ந்திருந்தாலோ, சாரல் காலத்து ஈரத்தில் ஹெட் முகத்தில் துருப் புள்ளி விழுந்திருந்தாலோ, பெட்டியை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குமரியில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்வதால் இந்தத் துரு இங்கே பெரிய எதிரி.

ஹெட் தேறியது என்றால் மீதி எல்லாம் கைவேலைதான். ‘ஓடவில்லை’ என்று ஒதுக்கப்பட்ட பெட்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெல்ட். அது உருகித் தார்போலக் கப்பியில் ஒட்டியிருக்கும். விரலில் பட்டால் சோப்புக்கும் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால், பஞ்சு வெள்ளையாக வரும்வரை கப்பியின் பள்ளத்தைத் துடையுங்கள். துளி மிச்சம் இருந்தாலும் புது பெல்ட் அதில் ஏறி இறங்கி, சுருதி அலைபாயும். பழைய பெல்ட் கரைந்துபோனதால் அளவு தெரியாது. கப்பிகளைச் சுற்றி நூலை ஓட்டி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். கேப்ஸ்டனுக்கு (டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் உலோகத் தண்டு) பட்டை பெல்ட் இருந்த இடத்தில் சதுர பெல்ட் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

பின்ச் ரோலர் (டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளை) கண்ணாடிபோலப் பளபளத்தால் டேப்பைத் தின்னும். 400 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சிலது பிழைக்கும். பிசுபிசுத்தால் மாற்றுவதுதான் வழி. ஒரு டிராக் மட்டும் வராமல் போனால் உடனே ஐ.சி.யைப் பழிக்க வேண்டாம். ரெக்கார்ட்-பிளே ஸ்லைடு சுவிட்ச் உள்ள மாடலில் அதன் காண்டாக்ட்டுகள் கறுத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மின்சாரம் இல்லாமல் முப்பது நாற்பது தடவை இழுத்து விடுங்கள். ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரின் கரகரப்புக்கும் அதே மருந்து. டபிள்யூ.டி.-40 வேண்டாம்.

சோதிக்க விலை உயர்ந்த டெஸ்ட் டேப் தேவையில்லை. கடையில் வாங்கிய ஏதாவது பழைய பாட்டு கேசட்டைப் போட்டு, ரெக்கார்ட் சுவிட்ச் நாலையும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். 1, 2 ஃபேடரை ஏற்றினால் ஏ பக்கப் பாட்டு நேராக வரும். 3, 4ஐ ஏற்றினால் பி பக்கப் பாட்டு தலைகீழாக வரும். இரட்டை வேகப் பெட்டியில் இரண்டுமே அணில் குரலில் கேட்கும். நாலும் ஒரே பலத்தில் வந்தால் பிளேபேக் பிழைத்தது. வேகத்தைச் சரிசெய்வதற்கு மட்டும் 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் டேப் வேண்டும். பல மாடல்களில் மோட்டாரின் பின்துளையில் இருக்கும் சின்ன பிரீசெட் ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். வேகம் 1 சதவீதம் தப்பினால் சுருதி 17 சென்ட் (நூறு சென்ட் ஒரு அரைச்சுரம்) தப்பும், ஆர்மோனியத்தோடு சேராது.

இதையெல்லாம் முடிக்கும்வரை உங்கள் அரிய கேசட்டை உள்ளே விடாதீர்கள். அதன் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தாவல் இரண்டையும் உடைத்து வையுங்கள், அழிபடாது. டேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் ஹெட் முழுக்க அப்பி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். உள்ளே இருக்கும் சின்ன ஃபெல்ட் பேட் உதிர்ந்திருந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது, ஒலி மங்கும். ஸ்க்ரூ போட்ட நல்ல கேசட் கூட்டுக்கு டேப்பை மாற்றிவிடலாம்.

ஹெட் போய்விட்டது, ஆனால் கேசட் இருக்கிறது என்றால் சாதாரண ஸ்டீரியோ டெக்கே கைகொடுக்கும். ஏ பக்கத்தைக் கணினியில் ஏற்றினால் 1, 2 டிராக் கிடைக்கும். பி பக்கத்தை ஏற்றித் தலைகீழாகத் திருப்பினால் 4ஆம் டிராக் இடது பக்கமும் 3ஆம் டிராக் வலது பக்கமும் வரும். இரட்டை வேகப் பதிவானால் கணினியில் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே வேகம் சிறிது மாறும், அதனால் சில விநாடிக்கு ஒருமுறை தாளத்தைப் பார்த்து ஒட்ட வேண்டியிருக்கும். டி.பி.எக்ஸ். என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிந்த கேசட்டுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு. திருப்பி, வேகத்தையும் சரிசெய்த பிறகு, ஒலியை டி.பி.எக்ஸ். டீகோடர் வழியே நேர்த்திசையில் ஓட்டி மறுபடி பதிய வேண்டும். தலைகீழாக ஓடும்போதே டீகோட் செய்தால் ஒவ்வொரு தட்டும் வீங்கி வரும்.