வச்சிரம் விட்டால் வயலின் கெட்டதா?

உமர் கய்யாமைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் எட்வர்ட் ஹெரான்-ஆலன். 1861-ல் லண்டனில் பிறந்தவர். அவருடைய இளமைக் காலத்தைப் படிக்கும்போது மனதில் நிற்பவை இரண்டு இடங்கள்: சோஹோவில் இருந்த குடும்ப வக்கீல் அலுவலகம், அதை ஒட்டிய வார்டர் தெருவில் ஜார்ஜ் ஷானோவின் வயலின் பட்டறை. சட்ட வேலைக்கு நடுவே அந்தப் பட்டறையில் போய் உட்கார்ந்து தொழில் கற்றார். 1884-ல் வயலின் செய்யும் முறை முழுவதையும் நூலாக எழுதி வெளியிட்டபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். பட்டறையிலேயே வளர்ந்தவர்கள் ‘இதையெல்லாமா எழுதுவார்கள்’ என்று விட்டுவிடுவதை, வெளியிலிருந்து வந்தவர் உட்கார்ந்து எழுதினார். அதனால்தான் தொழில் தெரிந்தவர்களுக்கும் அது இன்றுவரை பயன்படுகிறது.

ஆனால் லண்டன் குளிர் வேறு, காவிரிக் கரையின் ஈரம் வேறு. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் வயலினுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் தலைகாட்டுகிறது. மேல்பலகைக்கும், பக்கவாட்டில் சுற்றி வரும் விலாப்பலகைக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போகிறது. உடனே ‘மட்டமான வயலின்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தப் பேச்சைத்தான் மாற்ற வேண்டும். ஒட்டு விட்டது என்றால் பெரும்பாலும் சரியான பசையால் ஒட்டிய கருவி என்று பொருள்.

வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ் மரம். நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனம். அடிப்பலகையும் விலாவும் மேப்பிள். மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, குறுக்குவாக்கில்தான் விரியும், சுருங்கும். மழையில் விரிந்த பலகை பங்குனி, சித்திரையில் சுருங்கும்போது எங்காவது இடம் கொடுத்தாக வேண்டும். வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை, அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்காத பசை என்றால் மரம் வெடிக்கும். ஒட்டு விட்டால் அரை மணி நேர வேலை. பலகை வெடித்தால், அதுவும் உள்ளே நிற்கும் சிறு குச்சியான சவுண்ட் போஸ்டுக்கு நேர் மேலே வெடித்தால், மேல்பலகையையே கழற்றி உள்பக்கம் ஒட்டுப்பலகை வைக்க வேண்டியிருக்கும்.

வீணை செய்யும் ஊரில் இதைப் புரியவைப்பது கடினமாக இருக்கக் கூடாது. பலா மரத்து வீணையில் தந்தியை அழுத்தும் 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு தேய்ந்து சுருதி விலகினால் மறுபடி மேளம் கட்டுகிறோம், அதாவது மெட்டுகளைப் புது மெழுகில் பொருத்துகிறோம். வீணை கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வயலினின் வச்சிரத்தையும் அந்தக் கண்ணால் பார்க்கலாம்.

ஒட்டு எங்கே விட்டது என்பதைக் காதுதான் சொல்லும். விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்கும். விட்ட இடத்தில் சலசலக்கும். நம் வாசிப்பு முறையில் கீழ்ப்பாகம் மார்பிலும் தோளிலும் சாய்கிறது, தலைப்பாகம் வலது கணுக்காலில் நிற்கிறது. அதனால் வியர்வை படும் கீழ்ப்பாகத்தை முதலில் தட்டிப் பார்ப்பது நல்லது.

வச்சிரக் குருணையைப் பச்சைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். ஓரம் ஒட்டுவதற்கு எடையில் ஒரு பங்கு குருணைக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். ஊறியதை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். கொதித்தால் பசையின் பிடிப்பே போய்விடும். தூரிகையைத் தூக்கினால் அறுபடாமல் மெல்லிய நூலாக இறங்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது. நம் வெயிலில் உருக்கிய வச்சிரம் இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும், ஆகவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் உருக்குவது நல்லது.

பழைய பசையை உளியால் சுரண்டாமல் வெந்நீரில் நனைத்த தூரிகையால் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய தகட்டுக் கத்தியால் புதுப் பசையை இடுக்கில் செலுத்தி, தக்கை வைத்த கிளாம்பை மாட்டி, வெளியே பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். கிளாம்பை அழுத்தித் திருகினால் பசை முழுக்க வெளியேறி ஒட்டு பட்டினி கிடக்கும். கோடையில் ஒரு நாள் காய்ந்தால் போதும். அடைமழையில் இரண்டு நாள் விடுவது உத்தமம்.

இதே ஈரம், தந்தியை முறுக்கும் பிரடைகளையும் பிடிக்கிறது. 30 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் சரிவாகக் கடைந்தவை அவை. மழையில் இறுகும், கோடையில் நழுவும். நழுவும்போது பலத்தோடு உள்ளே அமுக்குவதால்தான் பிரடைப் பெட்டி கீறுகிறது. உலர்ந்த சோப்பை லேசாகத் தடவி, அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்தால் போதும். எண்ணெய் ஆகவே ஆகாது. கமகத்துக்காக இடக்கை விரலில் எண்ணெய் தொடுபவர்கள் பிரடையைத் திருகுமுன் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாத்தியக்காரர்களின் வயலினில், மேல்பலகையின் மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரையையும் கவனிக்க வேண்டும். இன்றைக்கு ஆண் குரலுக்கு ஒரு கட்டை, நாளைக்குப் பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று சுருதியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும், தந்தி குதிரையின் தலையைப் பிரடைப் பக்கமாக இழுக்கும். வால்பகுதியைப் பார்க்கும் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் மெல்ல நிமிர்த்த வேண்டும். நான்கு தந்திகளையும் ஒருசேரக் கழற்றவும் கூடாது. அழுத்தம் போனதும் சவுண்ட் போஸ்ட் உள்ளே விழுந்துவிடும். வெறும் 6 மில்லிமீட்டர் குச்சிதான், பசையே இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்பது. இத்தாலியர்கள் அதை ஆன்மா என்றே அழைக்கிறார்கள்.

பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கச்சேரி கேட்கப் போவதும் உண்டு. மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் வச்சிரம் இளகும், தந்தியின் இழுப்பில் கழுத்தே சாயும்.

மனம் வலிப்பது, வீட்டிலேயே வெள்ளைப் பசையோ சூப்பர் குளூவோ ஊற்றிக் கொண்டுவரும் வயலின்களைப் பார்க்கும்போதுதான். அதன்மேல் வச்சிரம் பிடிக்காது. வெள்ளைப் பசை என்றால் வெதுவெதுப்பான வினிகரால் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். சூப்பர் குளூவை வழித்து எடுக்கும்போது மரமும் சேர்ந்து வரும். விலாப்பலகையின் மொத்தக் கனமே 1 மில்லிமீட்டர்தான்.